முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர்

மலேசியாவில் எங்கள் தோட்டத்து லயத்தில் அவரைப் பட்டாசு அக்கா என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் மகன் இன்னும் கமுந்திங்கில்தான் இருக்கிறான். அம்மாவைப் பற்றி ஒருத்தி இப்படி எழுதிவிட்டாளே என்று அவன் வருத்தப்பட வேண்டாம்.

கோபம் இல்லாமல் அவரை நான் பார்த்தது குறைவு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் கோபம். வந்துவிட்டால், இது நேற்றே வந்திருக்கக் கூடாதா என்று கோபம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருநாள் பெண்களை 'ஏய், ஏய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் அசையாமல் நின்றார். காது கேட்கவில்லையா என்று அவர் கத்தியதும், தன் அப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் கேட்கும் என்றார். அன்றிலிருந்து கிராணி எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்காக யாரும் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. திமிர் பிடித்தவள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அவர் புருஷன் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பக்கம் மீன் படகு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. யாராவது இரக்கமாக விசாரித்தால், மீன் பிடிக்கப் போனவன் வேறு எதையோ பிடித்துக்கொண்டான், உனக்கென்ன வந்தது என்பார். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். ஒரே மகனைத் தனியாகத்தான் வளர்த்தார்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் பந்தி எப்போதும் ஆண்களுக்குத்தான். விடியற்காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்று சமைக்கும் பெண்களுக்குக் கடைசியில் ஒட்டின சோறு மிஞ்சும். ஒரு வருஷம் அக்கா தானே ஓர் இலையை எடுத்துக்கொண்டு வந்து முதல் பந்தியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கமிட்டித் தலைவர் வந்து நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தார். இவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆண்கள் எழுந்து போனார்கள். பரிமாறுகிறவன் வாளியோடு முழித்துக்கொண்டு நின்றான். கடைசியில் போட்டான். அக்கா முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு கூடிப்போச்சு என்று திட்டினார். ரசம் வைத்ததே அவர்தான்.

அவரிடம் யாரைப் பற்றியும் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஏதோ சொன்னேன். அக்கா கேட்டு முடித்தார், என் கையைப் பிடித்தார், நேரே அந்த வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "இவ உன்னப் பத்தி என்னமோ சொல்றா. உங்கிட்டயே சொல்லட்டும், கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாசலில் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்று முதல் கொஞ்ச காலம் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அது மாறியது என் மகளுக்கு ஜன்னி கண்ட நாளில். என் வீட்டுக்காரர் லாரியோடு ஈப்போவுக்குப் போயிருந்தார். பிள்ளை கண்ணை மேலே செருகிக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தது. என் அலறல் கேட்டு ஓடி வந்தவர் அக்காதான். பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மண்சாலையில் நடந்தார். காய்ச்சல் இருக்கிற பிள்ளையை ஏன் கவனிக்கவில்லை, உனக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை என்று வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். பெரிய சாலையில் ஒரு மர லாரி வந்தது. நடுச்சாலையில் போய் நின்று அதை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் நர்ஸையும் திட்டினார். காய்ச்சல் இறங்கிப் பிள்ளை கண் திறந்ததும், இப்படியா ஆளைப் பயமுறுத்துவாய் என்று அதையும் திட்டினார். திட்டிக்கொண்டே அதன் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், மலையடிவாரத்தில் இருந்த தோட்டம் அது. ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மலைச்சரிவில் செம்பனை நட்டார்கள். கம்பெனி ஆட்களாக இருந்த நாங்கள் கண்ட்ராக்டர் ஆட்களானோம். கண்ட்ராக்டர் ஒன்றும் அந்நியர் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மகன்தான். எங்கள் அப்பா அம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவர்களின் பிள்ளை. இன்றைக்கும் என் வயிற்றை எரிய வைப்பது அதுதான். கார் வாங்கிய பிறகு சீட்டுகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஓட்டியவர், எங்களை ஏற்றிப் போக ஒரு பழைய பட்டாள லாரியை வைத்திருந்தார்.

அது நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள லாரி. சாதாரண லாரியில் பின் சக்கரம்தான் தள்ளும். மலைச்சரிவில் மழை பெய்தால் செம்மண் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏற முடியும். என் வீட்டுக்காரர்தான் டிரைவர். புல் வெட்டவும் உரம் போடவும் போகிற நாங்கள், பெண்கள் எல்லாரும், பின்னால் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். பாராங் கத்தியும் சோற்றுச் சட்டியும் மடியில் இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது. வளைவில் திரும்பும்போது முன்பக்கம் அடியிலிருந்து கடக், கடக் என்று கேட்கும். நேராகப் போகும்போது ஒன்றும் இருக்காது. என்னவென்று வீட்டுக்காரரைக் கேட்டேன். முன் அச்சில் சக்கரம் திரும்புகிற இடத்தில் ஒரு ஜாயிண்ட் இருக்கிறதாம். நம் முழங்கால் மாதிரி மடங்கவும் வேண்டும், மடங்கினபடியே சுற்றவும் வேண்டும். அதை மூடியிருக்கிற ரப்பர் கிழிந்து, சேறும் தண்ணீரும் உள்ளே போய், இரும்பு தேய்ந்துவிட்டது என்றார். உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைக்கத் தொடங்கினார்.

கண்ட்ராக்டரிடம் அவர் சொல்லத்தான் செய்தார். திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருமுறை ஈப்போவில் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு லாரியில் கழற்றிய ஜாயிண்டைக் கொண்டுவந்து போட்டார்கள். கொஞ்ச நாள் சத்தம் இல்லை. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது. புதுசு வாங்குங்கள் என்றதற்கு, கிரீஸை அடைத்துவிட்டு ஓட்டு என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் வளைவுகளில் முன் இழுவையை எடுத்துவிட்டு, நேர் வழியில் போட்டுக்கொண்டு, எப்படியோ சமாளித்தார். ஆனால் மலையில் ஒரு வளைவு இருந்தது. செங்குத்தான ஏற்றத்திலேயே திரும்ப வேண்டும். அங்கே மட்டும் முன் இழுவை இல்லாமல் முடியாது. அந்த வளைவு வந்ததும் பின்னால் பேச்சு நின்றுவிடும். நாங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்போம்.

அக்கா மட்டும் சும்மா இருக்க மாட்டார். கேபினின் பின் தகரத்தைப் பாராங் கைப்பிடியால் ஓங்கி அடிப்பார். இறங்கியதும் முன்னால் போய் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"தம்பி, நீ ஓட்டுறது லாரியா, பாடையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அக்கா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் புருஷன் என்ன செய்வார், அவர் லாரியா அது என்று சண்டைக்குப் போனேன். அக்கா அதையும் ஒத்துக்கொண்டார். அடுத்த நாள் காலைப் பிரட்டில், பெயர் கூப்பிடுகிற இடத்தில், நேரே கண்ட்ராக்டரிடம் போய் நின்றார்.

கண்ட்ராக்டர் சிரித்தார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான். "அக்கா, உங்க வேலை லாரி பாக்குறதா, புல்லு வெட்டுறதா?"

"அதுல ஏறி உக்கார்றது என் வேலை" என்றார் அக்கா.

கண்ட்ராக்டரின் சிரிப்பு நின்றது. பயமாக இருந்தால் நடந்து போகலாம், யாரும் தடுக்கவில்லை என்றார்.

அக்கா நடந்தார். மறுநாள் இருட்டோடு கிளம்பி மலை ஏறினார். நாங்கள் லாரியில் அவரைக் கடந்து போவோம். ஓரத்தில் ஒதுங்கி நின்று, சேறு தெறிக்க, எங்களை ஒவ்வொருத்தராக முறைத்துப் பார்ப்பார். நேரத்துக்கு வேலைக்களத்துக்கு வந்து சேர முடியாததால் அரைநாள் என்றே பதிந்தார்கள். யாரும் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை. டிரைவர் பெண்டாட்டியே லாரியில் ஏறாவிட்டால் டிரைவர் வேலை என்ன ஆகும்? மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அக்காவின் மகனுக்குப் பள்ளிக்கூடச் செலவு இருந்தது. ஒருநாள் காலை, பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து லாரியில் ஏறி உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அது உடைந்தது ஒரு காலை நேரம். முந்தின நாள் முழுக்க மழை. லாரி அந்த ஏற்றத்து வளைவில் திரும்பியது. கடக் கடக் என்று வந்த சத்தம் திடீரென்று வேறு மாதிரி ஆனது, கல்லை இரும்பால் உடைத்தது போல ஒரு அடி. பிறகு வீட்டுக்காரர் சொன்னார், உடைந்த துண்டு உள்ளேயே இறுகி, திருப்பின ஸ்டியரிங் திரும்பி வரவே இல்லையாம். சக்கரம் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே லாரி போனது. ஓரத்து மண் சரிந்தது. லாரி மெதுவாகத்தான் சாய்ந்தது. அந்த மெதுவான சாய்வை என்னால் மறக்க முடியவில்லை.

நான் புல்லில் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அக்கா நெற்றியில் ரத்தம் வழிய அஞ்சலையை இழுத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என் வயதுக்காரி, எங்களில் நன்றாகப் பாடுகிறவள். அவள் இடுப்பு பின்பலகைக்கு அடியில் இருந்தது. எல்லாரும் சேர்ந்து தூக்கி அவளை வெளியே எடுத்தோம். என் வீட்டுக்காரர் கேபினிலிருந்து ஏறி வந்து மண்டியிட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

கண்ட்ராக்டர் வந்தார். அஞ்சலையைத் தன் காரில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. உரம் ஏற்றும் வண்டியில் போட்டு அனுப்பினார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, காலையிலேயே சம்சு குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சாராயத்தைத் தொட்டதே கிடையாது. அதை எடுத்துச் சொல்லாமல், அவர் சட்டையில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ட்ராக்டரின் ஆட்கள் கயிறும் இன்னொரு லாரியும் கொண்டுவந்தார்கள். மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ் வருவதற்குள் லாரியை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஒருவன் முன் சக்கரத்தைக் கழற்றச் சாவியோடு வந்தான். அப்போதுதான் அக்கா போய் அந்தச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பாராங் கத்தியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"மாத்தா வந்து பாக்கட்டும். அது வரைக்கும் எவனும் இதைத் தொடக் கூடாது" என்றார்.

கத்திச் சொல்லவில்லை. அவர் குரல் தாழ்ந்திருந்தது அன்றைக்குத்தான். மறுபடியும் மழை வந்தது. நெற்றி ரத்தம் மழையில் கரைந்து ரவிக்கையில் இறங்கியது. கண்ட்ராக்டர் கெஞ்சினார், மிரட்டினார், மகன் படிப்பைப் பற்றிப் பேசினார். அக்கா கண்ணைக்கூட அவர் பக்கம் திருப்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் போலீஸ்காரர்கள் மலை ஏறி வந்து சேர்ந்தபோது உதடு நீலமாகி, பல் தந்தியடிக்க, அதே இடத்தில்தான் இருந்தார். அவர்கள் கழற்றிப் பார்த்தார்கள். உடைந்த ஜாயிண்ட் கிரீஸும் சேறுமாக அங்கேயே இருந்தது.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், வாக்குமூலம் கேட்டார்கள். அதற்கு முன்பே கண்ட்ராக்டருக்கு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீடு வீடாக வந்து போயிருந்தான். டிரைவர் வேகமாக ஓட்டினான் என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் நாளைப் பிரட்டில் பெயர் இருக்காது என்று. பெண்கள் யாரும் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம், எதுவும் தெரியாது என்றார்கள். நான் பேசியதை, டிரைவரின் பெண்டாட்டி என்று தள்ளிவிட்டார்கள். அக்கா தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் எப்போது தொடங்கியது, யார் யாரிடம் சொன்னார்கள், என்ன பதில் வந்தது எல்லாம். கடைசியில் போலீஸ்காரர், அப்படியானால் டிரைவர் மேல் தப்பு இல்லையா என்று கேட்டார்.

இருக்கிறது என்றார் அக்கா. "தெரிஞ்சுதான் ஓட்டினான். அதையும் எழுதுங்க. ஆனா முதல்ல லாரிக்குச் சொந்தக்காரன் பேர எழுதிட்டு, அதுக்குக் கீழ எழுதுங்க."

வெளியே வந்ததும் நான் அவர் மேல் பாய்ந்தேன். குடிகாரன் என்ற பழியிலிருந்து காப்பாற்றியவரே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். நடந்ததைத்தான் சொன்னேன் என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் தடுத்து, அக்கா சொன்னது சரிதான் என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

முடிவு இதுதான். வீட்டுக்காரரின் லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு முடக்கினார்கள். அதன் பிறகு அவர் சிம்பாங் பூலாய் கல்லுடைப்பு இடத்தில் லாரி ஓட்டப் போனார். கண்ட்ராக்டர் அபராதம் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அஞ்சலை கோல் ஊன்றித்தான் நடந்தாள். கண்ட்ராக்டர் அவளைப் பார்க்க ஒருமுறை பிஸ்கட் டின்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். லாரிக்குப் புது ஜாயிண்ட் போட்டார்கள். அது அடுத்த வாரமே வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சாமான் அது.

அக்கா பெயர் பிரட்டில் கூப்பிடப்படவில்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை என்றார்கள். அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று நான் அழுதேன். அழுவதற்குப் பதில் அந்தப் பானையைத் தூக்கிக் கொடு என்று திட்டினார். மற்ற வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. அக்கா வண்டி மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்த்து, ஒவ்வொருத்தி பெயரையும் உரக்கச் சொல்லி, "நான் வாரேன்" என்றார். ஒரு கதவும் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், அவர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதாகத் தெரிந்து பார்க்கப் போனோம். எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல வேண்டியதில்லை. ஷிப்ட் முடிகிற நேரம், வாசலில் நின்றோம். அக்கா வெளியே வரும்போது அவர் மகன் வயதுகூட இல்லாத ஒரு சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து, எல்லார் முன்னாலும், 'ஏய்' என்று கூப்பிட்டு, ஏதோ பெட்டியை மாற்றி வைத்ததற்காகக் கண்டபடி ஏசினான். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். தலையை ஆட்டினார். அவன் முடித்ததும் நடந்து வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வாடகை வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். என் மகளைப் பற்றி விசாரித்தார். அஞ்சலையைப் பற்றிக் கேட்டார். நான் பொறுக்க முடியாமல், அந்தப் பையன் அப்படிப் பேசுகிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா என்று கேட்டேன்.

"மகனும் அங்கதானே வேலைக்கு இருக்கான்" என்றார். பிறகு, "இது மூணாவது இடம் புள்ள. இங்கயும் விட்டா எங்க போறது, சொல்லு."

கோபம் குறைந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. வயசாகிவிட்டது என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் துணியால் துடைத்து அடுக்கி வைத்தார். எங்களை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார்.

ஈப்போ பஸ் வந்தது. பாதி சீட் காலி. நாங்கள் கை காட்டியும் டிரைவர் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தான். எனக்குள் என்ன ஏறியதோ தெரியவில்லை. சாலையில் இறங்கி ஓடினேன். கையை ஓங்கிக்கொண்டு, என் வாயில் அதுவரை வந்தே இராத சொற்களையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அந்த பஸ் டிரைவரைப் பார்த்து மட்டும் கத்தவில்லை. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா பின்னாலேயே ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"விடு புள்ள. ஆளுங்க பாக்குறாங்க. அடுத்த பஸ் வரும்."

நான் கையை உதறினேன். பஸ் வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.